பங்களா இல்லாத பங்களாத் தோட்டம்!

வெள்ளைக்காரர்களுக்கு ஒரு வியாதி உண்டு. ஏப்ரல் மாதம் பிறந்து, அரை மணி நேரம் தொடர்ந்தாற்போல் சூரியன் தெரிந்துவிட்டால் போதும். ஃப்ளாஸ்க்கில் டீ, டப்பாவில் ஸாண்ட்விச், பின்சீட்டில் நாய், டிக்கியில் நாலு ஜோடி ரப்பர் பூட்ஸ் என்று மூட்டை கட்டிக்கொண்டு, என்றைக்கோ செத்துப்போன ஏதோ ஒரு பிரபுவின் தோட்டத்தைப் பார்க்கக் குடும்பத்தோடு கிளம்பிவிடுவார்கள். நம் ஊரில் ஆடிப்பெருக்குக்குக் கட்டுசாதம் கட்டிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போவோமே, அந்த மாதிரி. என்ன, அங்கே புளியோதரை கிடையாது.

இந்த மாதிரிப் பழைய மாளிகைகளையும் தோட்டங்களையும் பாதுகாக்க ‘நேஷனல் டிரஸ்ட்’ என்று 1895-லிருந்து ஓர் அமைப்பே இருக்கிறது. அதில் அரை கோடிப் பேருக்கு மேல் சந்தா கட்டி உறுப்பினராக இருக்கிறார்கள். அடுத்தவன் வீட்டுத் தோட்டத்தைப் பார்க்க சந்தா!

நான் போனது டிரஸ்ட் தோட்டம் அல்ல. இது தனி ஜாதி. பெயர் ஹெலிகன். இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில், அட்லாண்டிக் கடலுக்குள் காலை நீட்டிக்கொண்டு கிடக்கிற கார்ன்வால் பிரதேசத்தில், மெவகிஸ்ஸி என்ற மீன்பிடி ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஹெலிகன் என்றால் பழைய கார்ன்வால் பாஷையில் வில்லோ மரம். கிரிக்கெட் மட்டை செய்வார்களே, அந்த ஜாதி. பரப்பளவு சுமார் 200 ஏக்கர். உலகம் முழுக்க இதை அழைக்கிற பெயர், ‘தொலைந்துபோன தோட்டம்’.

200 ஏக்கர் எப்படி ஸார் தொலையும்? குடை தொலையும். ரேஷன் கார்டு தொலையும். கல்யாண வீட்டில் செருப்பு தொலையும். தோட்டம் எப்படி?

அதைத் தெரிந்துகொள்ளத்தான் போனேன்.

டோல் இல்லாத ஊர்

பிளிமத் நகரத்தில் வேலை பார்க்கிற என் மச்சினன் காரில் அழைத்துப் போனான். பிளிமத்துக்கும் கார்ன்வாலுக்கும் நடுவே டேமார் நதி. அதன்மேல் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பாலங்கள். ரயிலுக்கானது, புருனல் என்ற மகா இன்ஜினீயர் கட்டி 1859-ல் திறந்தது. காருக்கானது 1961-ல் வந்தது. கார் பாலத்துக்கு டோல் உண்டு. பர்ஸை எடுத்தேன்.

“உள்ள வைங்க அத்தான். போறதுக்குக் காசு கிடையாது.”

“அப்படியா! நல்ல ஊரா இருக்கே மாப்ளே!”

“திரும்பி வர்றதுக்குத்தான் காசு.”

நிஜம்தான். கார்ன்வாலுக்குள் போவது இலவசம், வெளியே வரத்தான் வசூல். ஒரு பொழுது போய்ப் பார்த்துவிட்டுத் திரும்புகிற வழியில் யோசித்தால், ‘இங்கேயே இருந்துவிடேன்’ என்று அந்த நதி கேட்கிற மாதிரி இருக்கும்.

மெயின் ரோட்டை விட்டு இறங்கியதும் சந்துகள் ஆரம்பம். இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மண் வரப்பு, அதன்மேல் புல்லும் பூவும். நடுவில் ஒரே ஒரு கார் போகிற அகலம். எதிரே டிராக்டர் வந்தால் யாராவது ஒருத்தர் ரிவர்ஸ் எடுத்தே தீரவேண்டும். யார் எடுப்பது என்பதில் அங்கே சண்டை கிடையாது. இரண்டு பேருமே எடுத்துவிடுகிறார்கள். பிறகு இரண்டு பேருமே கை காட்டுகிறார்கள். பிறகு இரண்டு பேருமே முன்னால் வருகிறார்கள். மரியாதையால் வரும் டிராஃபிக் ஜாமை முதல் முறையாகப் பார்த்தேன்.

பங்களா எங்கே?

டிக்கெட் வாங்கும்போது ஒரு யோசனை: விலையை ரூபாயில் பெருக்கிப் பார்க்காதீர்கள். பெருக்கினால் பூ ஒன்றும் கண்ணில் தெரியாது.

உள்ளே போனதும் நான் கேட்ட முதல் கேள்வி, “பங்களா எங்கப்பா?”

“பங்களா ஃப்ளாட்டாயிடுச்சு அத்தான்.”

“புயல்லயா?”

“ஃப்ளாட்டா விழுந்துடலை. ஃப்ளாட்ஸ்! டூ பெட்ரூம், த்ரீ பெட்ரூம்!”

ட்ரெமெய்ன் என்ற குடும்பம் இந்த எஸ்டேட்டை 400 வருஷங்களுக்குமேல் கட்டி ஆண்டது. அவர்கள் வாழ்ந்த மாளிகையை 1970-களில் கூறு போட்டுக் குடியிருப்புகளாக்கி விற்றுவிட்டார்கள். இன்றைக்கு அது தனியார் இடம், நமக்கு அனுமதி இல்லை. ஜமீன் பங்களா ஃப்ளாட்டாவது நம் ஊரில் மட்டும் நடக்கிற அநியாயம் என்று நினைத்துக்கொண்டிருந்தவர்கள் ஆறுதல் அடையலாம்.

ஆக, பங்களா இல்லாத பங்களாத் தோட்டம். ஆனால் தோட்டம் இருக்கிறதே... அடடா!

சிக்கிம் சிவப்பு

முதலில் ஒரு பெரிய புல்வெளி. பெயர் ஃப்ளோராஸ் கிரீன். அதைச் சுற்றிலும் மரம் மரமாக ரோடோடெண்ட்ரான். ஊட்டி, கொடைக்கானல் மலைகளில் ரத்தச் சிவப்பில் கொத்துக் கொத்தாகப் பூக்குமே, காட்டுப் பூவரசு, அதன் சொந்தக்காரர்கள். ஏப்ரலில் இலையே தெரியாமல் பூத்துத் தள்ளுகிறது. சிவப்பு, ரோஸ், வெள்ளை. கீழே உதிர்ந்து கிடப்பதை மிதிக்க மனசு வரவில்லை. ஓரமாக நடந்தோம்.

இந்த மரங்களில் சில இங்கே வந்த கதை பெரிய கதை. ஜோசப் டால்டன் ஹூக்கர் என்ற தாவர விஞ்ஞானி 1848-லிருந்து இரண்டு வருஷம் சிக்கிம் மலைகளில் அலைந்து செடிகளும் விதைகளும் சேகரித்தார். 1849 நவம்பரில் சிக்கிம் அரசாங்கம் அவரையும், கூடப் போன டார்ஜிலிங் கண்காணிப்பாளர் கேம்ப்பெல்லையும் பிடித்து உள்ளே வைத்துவிட்டது. கொஞ்ச நாளில் விட்டுவிட்டார்கள். ஆனால் அதைச் சாக்காக வைத்து பிரிட்டிஷார் சிக்கிமின் ஒரு பகுதியையே எடுத்துக்கொண்டார்கள். விதையும் போச்சு, நிலமும் போச்சு! அந்த ஹூக்கர் கொண்டுவந்த விதைகளிலிருந்து வளர்ந்த மரங்கள் இங்கே நிற்கின்றன. “உங்க ஊர்ல இதெல்லாம் உண்டா?” என்று ஒரு பாட்டியம்மா என்னை அன்பாகக் கேட்டார். “எங்க ஊர்லேர்ந்துதான் பாட்டி வந்தது” என்றேன். ரொம்ப சந்தோஷப்பட்டு எனக்கு ஒரு பிஸ்கெட் கொடுத்தார்.

தெற்கே இறங்கினால் ஒரு பள்ளத்தாக்கு. அதற்குப் பெயரே ‘ஜங்கிள்’. அட்லாண்டிக்கின் வெதுவெதுப்பான நீரோட்டம் கார்ன்வால் கரையைத் தொட்டுப் போவதால் இங்கே குளிர் குறைவு. பள்ளத்தாக்கில் இன்னும் குறைவு. அதனால் மூங்கில், வாழை, பனை ஜாதி மரங்கள், ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரப்பெரணிகள் எல்லாம் ஜம்மென்று வளர்ந்திருக்கின்றன. நடுவில் 100 அடி நீளத்துக்கு ஒரு கயிற்றுப்பாலம். அதன்மேல் நடக்கும்போது கீழே வாழை மரத்தைப் பார்த்து நான் மட்டும் சும்மா இருந்தேன். மற்றவர்கள் எல்லாம் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

காட்டுப் பாதையில் ‘மண் மங்கை’ என்று ஒரு பெண் ஒருக்களித்துப் படுத்துத் தூங்குகிறாள். மண்ணாலும் செடியாலும் ஆன சிலை. ஸூ ஹில், பீட் ஹில் என்ற உடன்பிறந்த கலைஞர்கள் 1997-ல் செய்தது. புல்தான் தலைமுடி, பாசிதான் பூச்சு. பருவத்துக்குப் பருவம் ஆடை மாறும். வசந்தத்தில் பச்சைப் பட்டு. கொஞ்ச தூரத்தில் மரங்களுக்கு அடியில் ப்ளூபெல் பூக்கள், தரையில் நீல மை கொட்டிய மாதிரி.

மத்தியானம் பாஸ்ட்டி சாப்பிட்டோம். பூதாகாரமான சோமாசி என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே பூரணத்துக்குப் பதில் மாட்டிறைச்சி, உருளைக்கிழங்கு. சாப்பிடாதவர்களுக்குக் காய்கறி பாஸ்ட்டியும் கிடைக்கிறது. கார்ன்வால் சுரங்கத் தொழிலாளிகளின் மத்தியானச் சாப்பாடு அது. அப்புறம் டீயும் ஸ்கோன் பன்னும். அதன்மேல் முதலில் ஜாம், பிறகு க்ரீம். பக்கத்து டெவன்காரர்கள் முதலில் க்ரீம், பிறகு ஜாம். இந்த விஷயத்தில் இரண்டு ஊருக்கும் தலைமுறைப் பகை. நதி நீர்ப் பங்கீடு எல்லாம் எவ்வளவோ தேவலை.

குதிரைச் சாண அன்னாசி

வயிறு நிறைந்ததும் காய்கறித் தோட்டம். 300-க்கும் மேற்பட்ட ரகங்கள், பெரும்பாலும் பழைய காலத்து விதைகள். சுவரில் தேன்கூடை வைக்க வரிசையாக மாடங்கள். தலைமைத் தோட்டக்காரரின் ஆபீஸ் ரூம். அதையெல்லாம் தாண்டி ஒரு கண்ணாடிக் குழி. உள்ளே... அன்னாசிப்பழம்!

இந்தக் குளிர் தேசத்தில் அன்னாசி எப்படி? அந்தக் காலத்துப் பிரபுக்களுக்கு விருந்தில் அன்னாசி வைப்பது ஒரு பவிஷு. இப்போது வாசலில் பெரிய கார் நிற்கிற மாதிரி. அதற்காகக் கண்டுபிடித்த ஏற்பாடு இது. நடுக்குழியில் செடி. இரண்டு பக்கமும் பள்ளம் வெட்டி, அதில் புதுக் குதிரைச் சாணமும் வைக்கோலும். அது மக்கும்போது கிளம்புகிற சூடு, ஓட்டை விட்டுக் கட்டிய செங்கல் சுவர் வழியாகப் போய்ச் செடியைக் கதகதப்பாக வைத்திருக்கும். சாணம் ஆறிப்போனால் புதிது போடவேண்டும். பனி பெய்தாலும் போடவேண்டும், பண்டிகை என்றாலும் போடவேண்டும். செடி காய்க்கச் சுமார் இரண்டு வருஷம் ஆகும்.

இதைப் புதுப்பித்து 1997-ல் மறுபடி பழம் பறித்தார்கள். ஒன்று எலிசபெத் ராணிக்குப் போயிற்றாம். ஆள் கூலி, சாணம் எல்லாம் கூட்டினால் ஒரு பழம் ஆயிரம் பவுண்டுக்கு மேல் அடங்கும் என்று சொல்கிறார்கள்.

“கொல்லிமலைலேர்ந்து ஒரு லாரி இறக்கிடலாம் அத்தான்” என்றான் மச்சினன்.

சிரித்தேன். ஆனால் சிரித்து முடித்ததும் ஒரு கேள்வி தொண்டையில் நின்றது. பழத்தை வெள்ளித் தட்டில் வைத்து விருந்தாளிக்குக் காட்டியவர் பிரபு. ராத்திரியில் எழுந்து, பனியில், சாணத்தில் கையை விட்டுச் சூடு பார்த்தவர் யார்?

பதில் பத்தடி தூரத்தில் இருந்தது. பாத்ரூமில்!

இடிப்பெட்டி

மெலன் யார்டு என்ற முற்றத்தின் மூலையில், வேலைக்காரர்களுக்கான கக்கூஸ். ஆங்கிலக் கொச்சையில் அதற்கு ‘தண்டர்பாக்ஸ்’ என்று பெயர். இடிப்பெட்டி. இடி என்றால் என்ன இடி என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

அதன் சுண்ணாம்புச் சுவரில் பென்சிலால் சில பெயர்கள். பக்கத்தில் தேதி: 1914 ஆகஸ்ட்.

நம் ஊர் குமார், செல்வம், முருகன் மாதிரி எல்லாம் சாதாரணப் பெயர்கள். தோட்டத்தில் வேலை பார்த்தவர்கள். இது தூங்கி வழிகிற இடமில்லை என்ற அர்த்தத்தில் ஒரு வாசகமும் அங்கே இருந்திருக்கிறது. ஆபீஸ் பாத்ரூமில் அதிக நேரம் எடுத்துக்கொள்கிறவர்களைப் பற்றிய கிண்டல் அன்றைக்கும் உண்டு போலிருக்கிறது.

இதில் என்ன விசேஷம் என்றால், அந்தத் தேதிதான். 1914 ஆகஸ்ட் 4-ஆம் தேதி பிரிட்டன் ஜெர்மனிமேல் போர் தொடுத்தது. முதல் உலகப் போர். கத்தரிக்கோலையும் மண்வெட்டியையும் வைத்துவிட்டுத் தோட்டக்காரர்கள் பட்டாளத்துக்குப் போனார்கள். போருக்கு முன்னால் இந்தத் தோட்டத்தில் 22 பேர் வேலை பார்த்தார்கள். 1916-ல் மிஞ்சியது 8 பேர். போனவர்களில் பலர் திரும்பவில்லை. சுவரில் இருக்கிற பெயர்களில் சில, சுற்றியுள்ள கிராமங்களின் போர் நினைவுச் சின்னங்களிலும் இருக்கின்றன. அங்கே கல்லில் வெட்டியிருக்கிறது. இங்கே பென்சில்.

தோட்டம் எப்படித் தொலைந்தது என்று கேட்டேனே, இப்படித்தான். ஆள் போனார்கள், தோட்டம் போயிற்று. போர்க்காலத்தில் மாளிகை, காயம்பட்ட அதிகாரிகள் உடம்பு தேறுகிற ஆஸ்பத்திரி ஆனது. கடைசி ஜமீன்தார் ஜாக் ட்ரெமெய்னுக்கு இத்தாலி என்றால் உயிர். போருக்கு முன்பே இங்கே ஓர் இத்தாலியத் தோட்டம் போட்டவர். 1920-களில் அவர் இத்தாலிக்கே போய்விட்டார். வீடு வாடகைக்குப் போயிற்று. இரண்டாம் போரில் அமெரிக்கப் பட்டாளம் வந்து தங்கிப் போயிற்று. தோட்டத்தைக் கேட்பாரில்லை. முள்செடி ஏறியது, ஐவிக்கொடி ஏறியது, கண்ணாடி வீடுகள் நொறுங்கின. எழுபது சொச்சம் வருஷம்.

இதில் எனக்கு ஆச்சரியம் என்னவென்றால், தோட்டத்தைக் குண்டு போட்டு யாரும் அழிக்கவில்லை. தினமும் காலையில் வருகிற ஆள் வராமல் போனார், அவ்வளவுதான். நாம் ‘இயற்கை அழகு’ என்று வாயைப் பிளக்கிறோமே, அது பாதிதான் இயற்கை. மீதி, தினப்படி வேலை.

மறுபடி

1990 ஜனவரி 25-ல் பெரும் புயல் ஒன்று பிரிட்டனைப் புரட்டிப் போட்டது. அடுத்த மாதம், ட்ரெமெய்ன் குடும்ப வாரிசான ஜான் வில்லிஸும், பாட்டு ரெக்கார்டு தயாரிப்பாளராக இருந்து கார்ன்வாலுக்குக் குடிவந்த டிம் ஸ்மிட் என்பவரும் வெட்டுக்கத்தியோடு இந்தப் புதருக்குள் நுழைந்தார்கள். சுவர் தட்டுப்பட்டது. கதவு தட்டுப்பட்டது. பிற்பாடு இந்தப் பெயர்களும் தட்டுப்பட்டன.

அதற்கப்புறம் அவர்கள் எடுத்த முடிவுதான் முக்கியம். வழக்கமாக இந்த மாதிரி இடங்களில் பிரபு எந்த நாற்காலியில் உட்கார்ந்தார், பிரபுவின் பெண்டாட்டி எந்த ரோஜாவை மோந்தார் என்றுதான் சொல்வார்கள். ஹெலிகனில் வேலைக்காரர்களின் கதையைச் சொல்வது என்று முடிவு செய்தார்கள். அன்னாசிக் குழி, தொட்டி மண் கலக்கும் கொட்டகை, தலைமைத் தோட்டக்காரர் ஆபீஸ் என்று கைவேலை நடந்த இடங்களையே பாடுபட்டு மீட்டார்கள். 1992-ல் மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். 2013-ல் இம்பீரியல் போர் மியூசியம் அந்த இடிப்பெட்டியை ‘வாழும் நினைவுச் சின்னம்’ என்று அங்கீகரித்தது. உலகத்தில் கக்கூஸுக்குக் கிடைத்த கௌரவங்களில் இதைவிடப் பெரிதாக எனக்கு ஒன்று தெரியாது.

அங்கே ஒரு ஐந்து நிமிஷம் நின்றேன். எனக்கு முன்னால் நின்ற பள்ளிக்கூடப் பையன்கள் ‘தண்டர்பாக்ஸ்’ என்ற வார்த்தையைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். கூட வந்த டீச்சர் தேதியைக் காட்டி விஷயத்தைச் சொன்னார். சிரிப்பு நின்றுவிட்டது. ஒரு பையன் தொப்பியைக் கழற்றினான். யாரும் சொல்லவில்லை, தானாகக் கழற்றினான்.

வெளியே வந்தால், கறுப்பு ஏப்ரன் கட்டிய ஒரு இளைஞர் குனிந்து பட்டாணிக்குக் குச்சி நட்டுக்கொண்டிருந்தார். இருபத்துநாலு, இருபத்தைந்து வயசிருக்கும். சுவரில் எழுதிவிட்டுப் போனவர்களில் சிலருக்கும் அந்த வயசுதான் இருந்திருக்கும். “சூடா இருக்கு, இல்ல?” என்றார் என்னைப் பார்த்து. பதினாலு டிகிரி. நான் ஸ்வெட்டரை இழுத்து விட்டுக்கொண்டு, ஆமாம் என்றேன்.

லண்டன் பக்கம் ஆபீஸ் வேலையாகப் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. பாடிங்டன் ஸ்டேஷனில் ஏறினால் செயின்ட் ஆஸ்டெல் வரை சுமார் நாலரை மணி நேரம், அங்கிருந்து பஸ்ஸோ டாக்ஸியோ. ஒரு ராத்திரி தங்குகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். கமீலியா பூ பிப்ரவரியிலிருந்து, ரோடோடெண்ட்ரான் மார்ச், ஏப்ரலில், ப்ளூபெல் ஏப்ரல் கடைசியில். மூன்றும் கொஞ்சம் கொஞ்சம் வேண்டுமென்றால் ஏப்ரல் நடுவில் போங்கள். மழைக்கோட்டு அவசியம். வெயில் அடித்தாலும் அவசியம்.

இனிமேல் எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் ‘யார் கட்டினது?’ என்று கேட்டதும், அடுத்தபடியாக ‘யார் தண்ணி ஊத்தினது?’ என்றும் கேட்டுவைப்பது என்று தீர்மானம் செய்திருக்கிறேன். நீங்களும் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பதில் வராது. வருகிற இடம் ஒன்றாவது இருக்கிறது என்பதில் ஒரு திருப்தி. நாலு பேர் பென்சிலை எடுத்துத் தன் பெயரை எழுதிவைத்ததால் வந்த திருப்தி அது.

அதற்காக நாளைக்கே ஆபீஸ் பாத்ரூம் சுவரில் ஆளாளுக்குக் கையெழுத்துப் போட்டு வைத்துவிடாதீர்கள். நூறு வருஷம் கழித்து மியூசியம்காரர்கள் வருவதற்கு முன்னால், மறுநாள் காலையிலேயே மானேஜர் வந்துவிடுவார்!